படகு இழுத்தவர்கள் விட்டுப்போன பாதை

போன வருஷம் ஆகஸ்டில் மகளும் நானும் ஐந்து நாள் சைக்கிள் ஓட்டினோம். ரெதோன் ஊரில் ஆரம்பித்து கரே வரைக்கும், பிரான்ஸின் மேற்கே இருக்கும் பிரிட்டனியின் நடுப்பகுதி வழியாக, கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். அவளுக்குப் பதினொரு வயது. இந்த ஐந்து நாளில் எங்கள் பக்கத்தில் ஓடிய கார்களை எண்ணினால் இரண்டு கை விரல் போதும், அதுவும் ஊருக்குள் ரொட்டி வாங்கப் போனபோது வந்தவைதான். இதை எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், இப்போதுதான் உட்கார முடிந்தது.

அதற்கு முந்தைய வருஷம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ரென் நகரத்துக்கு வெளியே ஒரு மாவட்டச் சாலை, இரண்டு பக்கமும் சோளக்காடு, நல்ல தார் ரோடு. நான் முன்னால், மகள் எனக்குப் பின்னால். ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனபோது அதன் பக்கக் கண்ணாடி என் முழங்கையைத் தொட்டுக்கொண்டு போனது. அடிபடவில்லை, சட்டைத் துணியில் ஒரு உரசல், அவ்வளவுதான். ஆனால் என்னை உரசுவதற்கு ஒரு நொடி முன்னால் அது அவள் பக்கத்தில் போயிருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் குடித்தாள். அன்றைக்கு மிச்சத் தூரத்தைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். பிறகு ரொம்ப நாள் அவளை ரோட்டில் கூட்டிப் போகவே இல்லை.

சரி, ரோடு வேண்டாம் என்றால் வேறு எங்கே ஓட்டுவது என்று தேடும்போதுதான் இந்தப் பாதைகள் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். பிரான்ஸில் இவற்றுக்கு ‘வுவா வேர்த்’ என்று பெயர், பச்சைப் பாதை என்று சொல்லலாம். மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் வருபவர்கள், இவர்களுக்கு மட்டும். முதல் பாதை 1997இல் பர்கண்டிப் பக்கம் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவில், மூடிப்போன ஒரு ரயில் தடத்தின் மேல் 44 கிலோமீட்டர் போட்டார்கள். போக்குவரத்துச் சட்டத்தில் ‘வுவா வேர்த்’ என்ற சொல் நுழைந்தது 2004இல். இன்றைக்கு நாடு முழுக்க இருக்கின்றன. பெரும்பாலும் பழைய ரயில் தடங்களும் கால்வாய்க் கரைகளும்தான், புதிதாக நிலம் எடுத்துப் போட்டவை குறைவு. இது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது நாந்த்-பிரெஸ்ட் கால்வாய். சுமார் 360 கிலோமீட்டர் நீளம், வழியில் 230க்கும் மேற்பட்ட லாக்குகள். லாக் என்றால் இரண்டு முனையிலும் கதவு வைத்த ஒரு கல் தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் கதவை மூடித் தண்ணீரை ஏற்றினால் படகு மேலே போகும், இறக்கினால் கீழே வரும். பிரெஞ்சில் எக்லூஸ் என்பார்கள். ஒவ்வொரு லாக்குக்கும் ஒரு சின்ன வீடு உண்டு, லாக் காவலர் குடும்பத்தோடு இருப்பதற்காகக் கட்டியது. எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. சிலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சிலவற்றில் காபி விற்கிறார்கள், சில பூட்டிக் கிடக்கின்றன.

கால்வாயின் கதை நெப்போலியனிடம் ஆரம்பிக்கிறது. ஆங்கிலேயக் கப்பற்படை பிரெஸ்ட் துறைமுகத்தைக் கடல் பக்கம் மறித்து வைத்திருந்தது. கடல் வழியே சரக்கு போகாது, அதனால் நிலத்துக்குள்ளேயே ஒரு நீர்வழி வேண்டும் என்று 1811இல் உத்தரவு போட்டார்கள். ஆனால் முழு நீளமும் படகு ஓடத் தயாரானது 1842இல். அதற்குள் நெப்போலியனும் இல்லை, அந்தப் போரும் இல்லை. 1865இல் பாரிஸிலிருந்து ரயில் பிரெஸ்ட்டுக்கே வந்துவிட்டது. எதற்காக வெட்டினார்களோ அதற்கு அந்தக் கால்வாய் உதவவே இல்லை. ஆனாலும் நூறு வருஷத்துக்குக் கிட்ட கற்பலகை, மரம், சுண்ணாம்பு என்று சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது.

கரையில் ஓடும் பாதைக்குப் பெயர் ‘ஷமேன் தெ ஆலாஜ்’, இழுவைப் பாதை. படகை இழுத்துக்கொண்டு போன பாதை. குதிரை வைத்திருந்தவர்கள் குதிரையை வைத்து இழுத்தார்கள். குதிரைக்கு வழியில்லாதவர்கள் தோளில் பட்டையை மாட்டிக்கொண்டு தாங்களே இழுத்தார்கள். புருஷன் இழுக்க, பெண்டாட்டி சுக்கான் பிடிக்க, சில சமயம் பிள்ளைகளும் கயிற்றில். மாலெத்ருவா ஊரில் முதல் நாள் ராத்திரி தங்கியபோது இதை மகளிடம் சொன்னேன். அவள் அடுத்த நாள் காலையில் ஓட்டிக்கொண்டே கேட்டாள்: “அப்பா, அதனாலதான் இங்க மேடே இல்லையா?” ஆமாம், அதனாலதான். கால்வாய்த் தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும், படகை இழுக்கிற ஆள் அதன் ஓரமாகவே நடக்க வேண்டும். ஏற்றம் வருகிற இடத்தில் லாக் வைத்து, லாக் பக்கத்தில் மட்டும் மூன்று மீட்டர் சின்னதாக ஒரு சரிவு, மறுபடியும் தட்டையான பாதை. பதினொரு வயதுக் குழந்தை ஒரு நாளில் 50 கிலோமீட்டர் ஓட்ட முடிந்ததற்குக் காரணம் அந்த மனிதர்களின் தோள்.

பாதையின் மேற்பரப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ‘ஸ்தபிலிஸே’ என்பார்கள்: பாறைத்தூளும் பொடி ஜல்லியும் கலந்து, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்கியது. நம் ஊர் ஆட்கள் பார்த்தால் கிராவல் ரோடு என்பார்கள், ஆனால் நிறம் சிவப்பு இல்லை, சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு மணல் நிறம். காய்ந்திருக்கும்போது டயருக்கடியில் ஒரு சத்தம் வரும், அப்பளம் நொறுங்குகிற மாதிரி, ஆனால் ரொம்ப மெல்லிசாக, விடாமல். அரை மணி நேரத்தில் அது காதுக்குப் பழகிவிடும். அப்புறம் சத்தம் மாறினால் மட்டும் கவனிப்பீர்கள்: நிழலில் ஈரமாக இருக்கும் இடத்தில் சத்தம் அமுங்கும், ஜல்லி உதிரியாகக் கிடக்கும் வளைவில் கரகரக்கும். பார்ப்பதற்கு முன்னாலேயே காது சொல்லிவிடும், பிரேக்கைத் தொடு என்று. என் வண்டியில் 40 மில்லிமீட்டர் டயர், காற்றைக் கொஞ்சம் குறைத்தே வைத்திருந்தேன். மகளுடையது பள்ளிக்கூடத்துக்குப் போகிற சாதா சைக்கிள்தான், 24 அங்குலச் சக்கரம், அதுவே போதுமாக இருந்தது. இந்தப் பாதைக்காகத் தனியாக விலையுயர்ந்த கிராவல் வண்டி வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மழை பெய்தால் கதை வேறு. ரோஆன் ஊருக்குப் போகும் வழியில் இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு மணி நேரம் பிடித்தது. ஸ்தபிலிஸே குழைந்து சாம்பல் நிறக் கூழாகி, சங்கிலி, பிரேக், தண்ணீர் பாட்டில் வாய் என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. சங்கிலி அரைபடும் சத்தம் பல்லைக் கூச வைத்தது. இந்த ஊர் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருக்கிறது: கிராமத்துக் கல்லறையைத் தேடிப் போவது. எந்தக் கிராமமாக இருந்தாலும் தேவாலயமும் கல்லறையும் இருக்கும், கல்லறை வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் விட ஒரு குழாய் இருக்கும். குடிக்கக் கூடாத தண்ணீர் என்று பலகை போட்டிருந்தால் குடிக்க வேண்டாம், கழுவ அது போதும். அங்கே பூ வைக்க வந்த ஒரு பாட்டியம்மா, நாங்கள் சங்கிலியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, தன் கூடையிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்துக் கொடுத்தார். “எடுத்துக்கோங்க மிஸ்யே, இது கல்லு துடைக்கிற துணிதான்” என்றார். என் மகள் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாக அந்தத் துணியால் துடைத்தாள், நான் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். துணி கறுத்ததைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கத் தயங்கினாள். பாட்டியம்மா அதை அப்படியே மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டார்.

இப்படி மழையில் நனைந்த யாரைக் கேட்டாலும் தார் போட்டுவிட வேண்டியதுதானே என்பார்கள். பல இடங்களில் போடவும் செய்கிறார்கள். தெற்கே மிதி கால்வாயில் தூலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் வழவழவென்று தார்தான், மாவட்ட எல்லையோடு அது முடிந்துவிடும். சக்கர நாற்காலியில் வருபவர்கள், குழந்தை வண்டி தள்ளுபவர்கள், தினமும் வேலைக்குப் போகிறவர்கள், இவர்களுக்காக ஊரை ஒட்டிய பகுதியில் தார் போடுவது நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஊர்களுக்கு நடுவில் இருக்கிற நீண்ட காட்டுப் பகுதியில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தார் வந்தால் வேகம் வரும். மணிக்கு 35 கிலோமீட்டரில் கூட்டமாகப் பறக்கிறவர்கள் வருவார்கள், அப்புறம் இங்கேயும் குழந்தைகள் ஓரமாக ஒதுங்க வேண்டியதுதான். மரத்தடியில் தார் சும்மாவும் கிடக்காது, வேர் அதைப் பிளந்து தூக்கும், அந்த வெடிப்பு ஜல்லிப் பாதையின் பள்ளத்தைவிட மோசம். ஸ்தபிலிஸே பள்ளமானால் ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து நிரப்பிவிடலாம். அது யாரையும் அவசரப்படுத்தாது, அதுதான் அதன் குணம்.

ஜோஸ்லேன் கோட்டையைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், மூன்று வட்டக் கோபுரங்கள் ஊஸ்ட் ஆற்றங்கரையில் எழுந்து நிற்கும். பார்த்தோம், பன் தின்றோம், கிளம்பினோம்.

எனக்கு மனசுக்கு நெருக்கமான இடம் அதற்கப்புறம் வருவது. ரோஆனைத் தாண்டியதும் கால்வாய் ஊஸ்ட் பள்ளத்தாக்கை விட்டு ப்ளாவே பள்ளத்தாக்குக்கு மலை மேட்டைத் தாண்டிப் போக வேண்டும். இல்வெர்ன் என்ற அந்த மேட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 50க்கும் மேல் லாக்குகள், போந்திவி வரை சுமார் 25 கிலோமீட்டருக்குள். ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும், அதிலிருந்து அதற்கடுத்தது, கோயில் குளத்துப் படி மாதிரி தண்ணீர் இறங்குகிறது. இப்போது இங்கே படகுகள் அவ்வளவாக இல்லை. அல்லி இலை மூடிக் கிடக்கிறது, நாரைகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன, பக்கத்தில் போனாலும் கடைசி நொடி வரை நகர்வதில்லை.

ஆனால் மேட்டு உச்சியில் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு முறை லாக்கைத் திறக்கும்போதும் உச்சியிலிருந்து ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடுமே. அதற்காக வடக்கே பொஸ்மெலெயாக் என்ற இடத்தில் ஓர் ஏரியைக் கட்டி, அங்கிருந்து ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். நேர்கோட்டில் பார்த்தால் 20 கிலோமீட்டர் சொச்சம்தான். வாய்க்கால் ஓடும் தூரம் 60 கிலோமீட்டருக்கு மேல். மலைச்சரிவின் மட்டத்தைவிட்டு இறங்காமல், ஒவ்வொரு மடிப்பையும் சுற்றிச் சுற்றி, கண்ணுக்கே தெரியாத சரிவில் தண்ணீரைக் கூட்டி வருகிறது. ஏரி, வாய்க்கால், மட்டம் என்றால் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை; அந்த வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் நின்றபோது, இதை 1830களில் மட்டப்பலகையும் சங்கிலியும் வைத்து அளந்தவர்களை நினைத்து நிஜமாகவே கும்பிடத் தோன்றியது. வாய்க்கால் கரையிலும் இப்போது நடக்கலாம், பல இடங்களில் ஓட்டலாம். அடுத்த பயணம் அதில்தான் என்று முடிவு செய்திருக்கிறேன்.

போந்திவியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் ப்ளாவே ஆற்றோடு தெற்கே இறங்கினால் 28 லாக்குகள் தாண்டி என்போன், அப்புறம் கடல், லோரியான் துறைமுகம். நான் புதுச்சேரியில் பிறந்தவன். அந்தப் பலகையைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது. லோரியான் என்றால் ‘கிழக்கு’. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1666இல் உண்டாக்கிய ஊர் அது. புதுச்சேரிக்குக் கப்பல்கள் கிளம்பியதும் அங்கிருந்துதான், சோழமண்டலக் கரைத் துணி மூட்டைகள் வந்து இறங்கியதும் அங்கேதான். மகளிடம் சொன்னேன். “அப்போ தாத்தா ஊருக்கு இந்தப் பக்கமா போகலாமா?” என்று கேட்டாள். இந்த ஆறு கடைசியில் அந்தக் கடலுக்குத்தானே போகிறது, போகலாம் என்றேன். ஆனால் எங்கள் வழி வலது பக்கம், ஆற்றுக்கு எதிர்த் திசையில்.

அங்கிருந்து வடக்கே போனால் கால்வாய் திடீரென்று முடிந்துவிடும். முன்னால் ஒரு பெரிய சுவர் நிற்கும், கெர்லெதான் அணை. 1923இல் ஆரம்பித்து 1930இல் முடித்தார்கள், மின்சாரத்துக்காக. 17 லாக்குகள், அவற்றின் வீடுகள், கல்லுடைப்பவர்களின் குடியிருப்பு எல்லாம் 12 கிலோமீட்டர் நீள ஏரிக்கடியில் போயின. அதோடு நாந்திலிருந்து பிரெஸ்ட்டுக்குப் படகில் போக முடியாமல் ஆனது, இன்று வரை முடியாது. 2015இல் அணையைச் சோதிப்பதற்காக ஏரியை முழுக்க வடித்தபோது அந்த லாக்குகளும் வீட்டுச் சுவர்களும் சேற்றுக்குள்ளிருந்து வெளியே வந்தன. சாம்பல் நிறத்தில் ஒரு பள்ளத்தாக்கு, நடுவில் வாசலும் ஜன்னலும் உள்ள கூரையில்லாத சுவர்கள். அதைப் பார்க்கப் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். நான் அப்போது போகவில்லை, படம்தான் பார்த்தேன். அந்தப் படம் இன்னும் என் மனசைவிட்டுப் போகவில்லை.

அணைக்குப் பக்கத்திலிருந்து மூர்-தெ-ப்ரெதாங் ஊருக்கு ஏற வேண்டியிருந்தது, ஐந்து நாளில் உண்மையான ஏற்றம் அது ஒன்றுதான். அதே ஊரின் இன்னொரு மேட்டில்தான் தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் வந்தால் ஜனம் குவியும். எங்களுக்கு அது தேவையில்லை, ஊருக்குள் போனதும் பழைய ரயில் தடம் கிடைத்துவிட்டது. ஏரிக்கு வடக்கே, மலைச்சரிவில், மரங்களுக்கு நடுவே. ரெஸோ ப்ரெதோன் என்று ஒரு மீட்டர் கேஜ் ரயில் கரேயை நடுவாக வைத்து ஐந்து திசைக்கு ஓடியது. முதல் தடம் 1891இல் மொர்லே ஊருக்கு. பஸ்ஸும் லாரியும் வந்த பிறகு கூட்டம் குறைந்து, 1967இல் பெரும்பகுதியை மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த இடத்தில் இப்போது ஸ்தபிலிஸே. ஒரு பழைய ஸ்டேஷன் வீட்டு வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது, மேலே ஊர்ப் பெயர் எழுதிய பலகை அப்படியே இருந்தது, பிளாட்பாரத்தில் தக்காளிச் செடி.

முன்னே சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். இந்தப் பாதைகளை யாரும் சைக்கிளுக்காகப் போடவில்லை. கால்வாயை ரயில் ஓரங்கட்டியது, ரயிலை லாரி ஓரங்கட்டியது. ஒவ்வொன்றும் ‘இது மெதுவாக இருக்கிறது’ என்று கைவிடப்பட்டது. அந்த மெதுவான இரண்டும் தட்டையாக, அகலமாக, ஊருக்கு ஊர் தொடர்ச்சியாக மிச்சமிருந்ததால்தான் லாரி இல்லாத ஒரு வழி இன்றைக்குக் கிடைக்கிறது. நிலத்தைத் துண்டு துண்டாக விற்றிருந்தால் இது கிடைத்திருக்காது. பல ரயில் தடங்கள் அப்படித்தான் வயலுக்குள்ளும் வீட்டுக் கொல்லைக்குள்ளும் கரைந்து போயின. பொதுச் சொத்தாகவே வைத்திருந்த அந்த முடிவுக்குத்தான் நான் நன்றி சொல்வேன்.

போன் ரெப்போ மடத்தில் பாதை மறுபடி கால்வாயோடு சேர்கிறது. 12ஆம் நூற்றாண்டு மடம், பெயருக்கு ‘நல்ல ஓய்வு’ என்று பொருள். புல்லில் படுத்தோம், அவள் தூங்கியே விட்டாள்.

அடுத்த நாள் க்ளோமெல். கால்வாயிலேயே உயரமான இடம் இதுதான், கடல் மட்டத்திலிருந்து 184 மீட்டர். இங்கே மேட்டைச் சுற்றிப் போக வழியில்லை, வெட்டித்தான் ஆக வேண்டும். 1823லிருந்து 1832 வரை கைதிகளை வைத்து வெட்டினார்கள், பெரும்பாலும் படையை விட்டு ஓடிப்போன சிப்பாய்கள். மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி, அவ்வளவுதான் கருவி. சுமார் மூன்று கிலோமீட்டர் நீளம், 20 மீட்டருக்கு மேல் ஆழம். அங்கேயே உயிர்விட்டவர்களும் உண்டு. உள்ளே நுழையும்போது குளிர் முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் செங்குத்தான கரை, அதில் பெரணியும் ஓக் மரங்களும், மேலே வானம் ஒரு கோடு மாதிரி. தண்ணீர் அசையவே இல்லை. அத்தனை நாளும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த மகள், எத்தனை பேர் வெட்டினார்கள் என்று கேட்டாள். ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பார்கள் என்றேன். “அவங்க பேரு எங்கயாவது எழுதியிருக்கா?” நாங்கள் போன வழியில் நான் பார்க்கவில்லை.

வாய் ஓயாமல் என்று சொன்னேனே, அதை விட்டுவிடக் கூடாது. முதல் நாள் ரெதோனை விட்டுக் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வழக்கம்போல நான் முன்னால், அவள் பின்னால். பின்னாலிருந்து குரல் வந்தது: “அப்பா, நான் பக்கத்துல வரலாமா?” திரும்பிப் பார்த்தேன். முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை, பாதை மூன்று மீட்டர் அகலம். வா என்றேன். அதுவரை நாங்கள் எத்தனையோ கிலோமீட்டர் சேர்ந்து ஓட்டியிருக்கிறோம், ஒருமுறைகூடப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டியதில்லை, அவளுக்கு என் முதுகுதான் தெரியும். ஐந்து நாளும் பேசினாள். பள்ளிக்கூடத்தில் பேச்சை நிறுத்திக்கொண்ட ஒரு தோழியைப் பற்றி, தாத்தா போனில் ஏன் சீக்கிரம் வைத்துவிடுகிறார் என்பதைப் பற்றி, அந்த லாரியைப் பற்றிக்கூட. அன்றைக்கு அவளும் பயந்திருக்கிறாள், எனக்காக. வீட்டில் உட்கார்ந்து கேட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. முகத்தைப் பார்க்காமல் ஒரே திசையில் போய்க்கொண்டே பேசும்போது சில விஷயங்கள் எளிதாக வந்துவிடுகின்றன போல.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கிராமத்தில் எதுவும் கிடைக்காது, திங்கள்கிழமை பல ரொட்டிக் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதை ரோட்டைக் கடக்கும் இடங்களில் குறுக்குத் தடுப்பு வைத்திருப்பார்கள், பின்னால் இழுவை வண்டி மாட்டியிருந்தால் அதில் நுழைவது சிரமம். மேற்கே ஷாத்தோலேன் வரை ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள், எங்களுக்கு லீவு அவ்வளவுதான்.

கரேயிலிருந்து குவாங்கான் ஊருக்கு ஒரு சின்ன ரயில் இன்னும் ஓடுகிறது, அந்தப் பழைய ரெஸோ ப்ரெதோன் தடங்களில் தப்பிப் பிழைத்தவற்றில் ஒன்று. சைக்கிளை ஏற்றிக்கொண்டு, அங்கே வண்டி மாறி, ராத்திரி ஒன்பது மணிக்கு ரென் ஸ்டேஷனில் இறங்கினோம். வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர். வெளியே வந்ததும் பஸ், கார், டிராபிக் லைட். அவள் என் பக்கத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், டயர் ஓரத்தில் க்ளோமெல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. விளக்குப் பச்சையானது.

“பின்னாடி வரணுமா?” என்று கேட்டாள்.

ஆமாம்மா என்றேன். இரண்டு கார் போகட்டும் என்று காத்திருந்து, எனக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள்.